பறக்காத கழுகுக்கு என்ன ஆனது என்று முழுதாகச் சொல்லுங்கள்

காயம்பட்ட கழுகுகளை, மக்கள் முன் காட்டிப் பாடம் சொல்வதற்காகக் கல்வித் தூதர்களாக வைத்துப் பராமரிக்கும் அமெரிக்கப் பறவை மையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றைக் கையில் ஏந்தி எங்கள் முன் வந்து நிற்கும் பராமரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் நிகழ்ச்சிகளில் ஒரே ஒரு இடத்தை மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடல். தடித்த தோல் கையுறையில் கழுகை ஏந்தி வருகிறீர்கள். அதன் எடை, இறக்கையின் நீளம், கண்ணின் கூர்மை, என்ன தின்னும், எத்தனை வருடம் வாழும், தலை எந்த வயதில் வெளுக்கும் எல்லாவற்றையும் அலுக்காமல் சொல்கிறீர்கள். அப்புறம் ஏதாவது ஒரு குழந்தை கை தூக்கி, "இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும். கேட்காத நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. "கார் மோதிவிட்டது, இறக்கை ஒடிந்துவிட்டது, இனி காட்டில் பிழைக்காது, அதனால் எங்களோடு இருக்கிறது" என்று ஒரு வாக்கியத்தில் பதில் வரும். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்லுங்கள். முக்கியமாக, வேட்டைத் தோட்டாவிலிருந்து கழுகின் உடம்புக்குள் போகும் ஈயத்தைப் பற்றி வாய் திறந்து சொல்லுங்கள். ஏற்கெனவே சொல்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. இந்த மடல் மற்றவர்களுக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு, அந்தப் பறவை உங்கள் கைக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு கழுகை யாரும் ஆசைப்பட்டு வளர்த்துவிட முடியாது. நாட்டின் சின்னமான வெண்தலைக் கழுகுக்காக 1940-ல் வந்த பாதுகாப்புச் சட்டம், 1962-ல் பொன்னிறக் கழுகையும் சேர்த்துக்கொண்டது. கீழே உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகைக்கூட எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கூடங்களில் உதிரும் இறகுகள் கொலராடோவில் இருக்கும் தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பூர்வகுடி மக்களின் சடங்குகளுக்குப் போகின்றன.

காயம்பட்டு வரும் எல்லாக் கழுகுக்கும் தூதர் வேலை கிடைப்பதில்லை. குணமானால் பறக்கவிட வேண்டும், அதுதான் முதல் கடமை. தானாகத் தின்ன முடியாத, நிமிர்ந்து உட்கார முடியாத, இரு கண்ணும் போன பறவையைக் கருணைக் கொலை செய்துவிடச் சொல்கிறது விதி. இறக்கையை முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ வெட்ட வேண்டிய நிலை, காலை எடுக்க வேண்டிய நிலை என்றாலும் அதே முடிவுதான். கால்நடை மருத்துவர் காரணம் எழுதி விலக்குக் கேட்டால்தான் மறுபரிசீலனை. இத்தனையும் தாண்டிப் பிழைத்து, மனிதக் கூட்டத்தைக் கண்டால் மிரளாத சுபாவமும் வாய்த்த ஒன்றுதான் கையுறைக்கு வருகிறது.

அதாவது, வானத்தை இழந்த ஒரு பறவையை, அது கேட்டுக்கொள்ளாத ஒரு வாழ்க்கையில், இருபது முப்பது வருடம் மனிதர்கள் நடுவில் வைத்துக்கொள்கிறோம். அதற்கு நாம் சொல்லும் நியாயம் ஒன்றே ஒன்று: கல்வி. அப்படியென்றால் இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதுதானே அந்தக் கல்வியின் நடுப்பாடமாக இருக்க வேண்டும்? மற்றதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி தானாகவே வருகிறது. ஒரு நிகழ்ச்சியில் நான் பார்த்தது ஒரு பெண் கழுகு. இரண்டு இறக்கையும் மடங்கி இருக்கும்போது இடது இறக்கையின் நுனி மட்டும் கொஞ்சம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி எந்தக் குறையும் தெரியவில்லை. மஞ்சள் கண், மஞ்சள் அலகு, கையுறையைப் பற்றியிருந்த கறுத்த நகங்கள். காற்று ஒன்று வீசியது. பறவை உடனே உடம்பைத் தாழ்த்தி இறக்கைகளை விரித்தது. வலது இறக்கை பராமரிப்பாளரின் தலைக்கு மேல் முழுதாக விரிந்தது. இடது பாதியில் நின்றுவிட்டது. அப்படியே சில விநாடி காற்றை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்ப மடக்கிக்கொண்டது. முன்வரிசையில் இருந்த சிறுவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

சரி, எந்த உண்மை?

இலையுதிர் காலத்தில் மான் வேட்டை தொடங்குகிறது. ஈயம் வைத்துச் செய்த தோட்டா மானின் உடம்பில் பாய்ந்ததும் சிதறுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தோட்டா போன வழியிலிருந்து வெகுவாகத் தள்ளியும் சில கிடக்கும். வேட்டைக்காரர் மானின் வயிற்றை அங்கேயே கீறிக் குடலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் போட்டுவிட்டு உடலை எடுத்துப் போகிறார். தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம் அது, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற நினைப்புகூட அதில் இருக்கும். ஏரிகள் உறையத் தொடங்கி மீன் கிடைப்பது அரிதாகும் சமயம். கழுகு இறங்குகிறது, வயிறாரத் தின்கிறது.

கழுகின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. எலும்பையே கரைக்கும். அதே அமிலம் ஈயத் துணுக்கையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து ஏற்றுக்கொள்ள, அது நரம்புக்கும் மூளைக்கும் எலும்புக்கும் போய்ச் சேர்கிறது. ஓர் அரிசி மணி அளவுத் துணுக்கு போதும், ஒரு கழுகின் உயிரை எடுக்க. உங்கள் மருத்துவமனைகளில் அந்தப் பறவைகள் எப்படி வருகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலை நிற்காமல் ஆடும். இறக்கைகள் துவண்டு தொங்கும். நகங்கள் உள்ளே மடங்கி இறுகியிருக்கும், நிற்க முடியாது. மூச்சுக்குத் திணறும். எச்சம் பச்சையாகப் போகும். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை ஊசியில் ஏற்றி நாள் கணக்கில் போராடுகிறீர்கள். முற்றிப்போய் வந்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இது எங்கோ ஒன்றிரண்டு பறவைக்கு நேரும் கதையும் இல்லை. 2022-ல் சயின்ஸ் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்ததில், வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலுமே ஏறக்குறைய பாதியின் எலும்புகளில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. நாள்பட்ட என்றால், ஒரு தடவை தின்றதில்லை, வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப உள்ளே போனது. இதனால் வெண்தலைக் கழுகின் வருடாந்தரப் பெருக்க வேகம் 3.8 சதவீதமும், பொன்னிறக் கழுகுடையது 0.8 சதவீதமும் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். வெண்தலைக் கழுகுதான் பெருகிக்கொண்டிருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பெருகுவது சந்தோஷம்தான். பொன்னிறக் கழுகு அப்படிப் பெருகவில்லை. அதற்கு இந்தச் சின்ன இழப்பும் தாங்காது.

இப்போது "கார் மோதிவிட்டது" என்ற பதிலுக்கு வருகிறேன். மோதியது கார்தான். ஆனால் ஈயம் ஏறிய கழுகுக்குப் பார்வையும் நிதானமும் தடுமாறும், தாழப் பறக்கும், வண்டி வருவது தெரிந்தும் சட்டென்று எழும்ப முடியாது. ஈயமே ஏறாத கழுகும்கூடச் சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானைத் தின்று வயிறு கனத்திருக்கும்போது மெதுவாகத்தான் கிளம்பும். "கார் மோதிவிட்டது" என்று நிறுத்தினால் அது விதி என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், தடுத்திருக்கலாம் என்று புரிந்துகொள்வார். சாலையில் செத்துக்கிடக்கும் விலங்கைப் பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் ஓரத்திலிருந்து தள்ளி இழுத்துப் போடலாம், சம்பந்தப்பட்ட துறைக்குத் தகவல் சொல்லலாம் என்றாவது தெரிந்துகொண்டு வீடு திரும்புவார். மின்கம்பியும் அப்படித்தான். இரண்டு மீட்டர் இறக்கை விரியும்போது ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடுகிறது. கம்பிகளை இன்னும் தள்ளி அமைக்கலாம், உறை போடலாம். செய்த நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் பறவைக்கு எது நேர்ந்ததோ அதைச் சொல்லுங்கள். சுட்டார்கள் என்றால் சுட்டார்கள் என்றே சொல்லுங்கள்.

ஏன் தயங்குகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கூட்டத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு நன்கொடை தருகிறவர்களிலும் இருப்பார்கள். இந்த நாட்டில் துப்பாக்கி என்ற பேச்சை எடுத்தாலே கூடம் இரண்டாகப் பிரிந்துவிடும். பறவையைப் பார்க்க வந்த குடும்பங்களை முகம் சுளிக்க வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் வேட்டைக்காரர்களை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1937-ல் வந்த சட்டப்படி அவர்கள் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடப்படும் வரிதான் இன்றுவரை மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்குப் பெரும் பணமாக வந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாகவும் இருக்காது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991-லேயே நாடு முழுதும் தடைசெய்யப்பட்டது. அப்போதும் இனி வாத்து வேட்டையே இருக்காது என்றார்கள். எஃகுக் குண்டுக்கு மாறினார்கள், இன்றும் வேட்டை நடக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. மற்ற மாநிலங்களில் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், செப்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. அது சிதறாது, பாய்ந்த இடத்தில் பூப்போல விரிந்து ஒரே துண்டாக நிற்கும்.

இன்னொரு விஷயத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு விஷயம். 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு என்று நன்கொடையாக வந்த மான் இறைச்சியை எக்ஸ்ரேயில் பார்த்தபோது ஈயத் துணுக்குகள் தெரிந்தன. அதைக் கொடுக்க வேண்டாம் என்று உணவு வழங்கும் இடங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கழுகு தின்னும் மிச்சமும் பிள்ளைகளுக்குச் சமைக்கும் இறைச்சியும் ஒரே மானிலிருந்துதான் வருகின்றன. தன் பிள்ளைக்காகத் தோட்டாவை மாற்றும் அப்பாவிடம் யாரும் கொள்கை பேச வேண்டியதில்லை.

காரணத்தைச் சொன்னதால் என்ன நடக்கும் என்பதற்கு இதே வெண்தலைக் கழுகின் கதையைவிட வேறு சாட்சி தேவையில்லை. அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும் சேர்த்து 1963-ல் கூடு கட்டியதாகத் தெரிந்தவை 417 இணைகள்தான். டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குள் போய், முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டை உடைந்துபோனது. பாவம், அழிந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் அன்றைக்குப் பேசியிருந்தால் இன்று உங்கள் கையில் காட்டப் பறவையே இருந்திருக்காது. மருந்தின் பெயரைச் சொன்னார்கள், தயாரித்தவர்களின் கோபத்தைத் தாங்கினார்கள். 1972-ல் தடை வந்தது. 2007-ல் வெண்தலைக் கழுகு அழியும் நிலை உயிரினங்களின் பட்டியலிலிருந்தே நீங்கியது. 2018-19 கணக்கெடுப்பில் அந்த 48 மாநிலங்களில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இந்தக் கதையை நீங்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறீர்கள், டிடிடியின் பெயரைத் தயங்காமல் சொல்கிறீர்கள். ஈயத்தின் பெயரைச் சொல்ல மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

காரணத்தைச் சொன்னால் நிகழ்ச்சி சோகமாகிவிடும் என்று ஒரு பயம் இருக்கலாம். இறக்கை போன பறவை எங்களுக்கு இரக்கத்தை மட்டும்தான் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். மிசூரி மாநிலத்தின் வேர்ல்டு பேர்டு சாங்சுவரி என்ற பறவைக் காப்பகத்தில் மர்ஃபி என்று ஓர் ஆண் கழுகு இருந்தது. பறக்க முடியாது. 2023-ன் வசந்த காலத்தில், 31 வயதில், தரையில் கூடு மாதிரி ஒன்றைக் கட்டி, ஒரு கல்லை வைத்து அடைகாக்க ஆரம்பித்தது. கூடத்தில் இருந்த மற்றக் கழுகுகள் கிட்டே வந்தால் விரட்டியது. ஒரு மூலையில் படுத்தே கிடப்பதைப் பார்த்து உடம்புக்கு என்னவோ என்று பார்வையாளர்கள் பதற, அதற்கு ஒன்றுமில்லை, கல்லை அடைகாக்கிறது என்று பலகை எழுதி வைத்தார்கள்.

அதே சமயம், கூட்டோடு காற்றில் விழுந்த ஒரு கழுகுக் குஞ்சு அங்கே வந்து சேர்ந்தது. மனிதர் கையால் வளர்ந்தால் மனிதரையே தன் இனம் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு காட்டுக்கு விட முடியாது. ஆகவே கல்லை எடுத்துவிட்டு, குஞ்சை முதலில் ஒரு சின்னக் கூண்டில் வைத்து மர்ஃபியின் இடத்தில் விட்டார்கள். பழகியதும் கூண்டைத் திறந்தார்கள். மர்ஃபிக்கு முழு மீன், குஞ்சுக்கு நறுக்கிய இறைச்சி என்று தட்டில் வைத்தார்கள். மர்ஃபி நறுக்கியதை எடுத்துக் குஞ்சின் வாயில் ஊட்டியது. குஞ்சு வளர்ந்து காட்டுக்குப் பறந்து போனது. அடுத்த வருடம் இன்னொரு குஞ்சுக்கும் அதுவே அப்பாவானது. 2025 மார்ச்சில் பெரும் புயல் ஒன்றுக்குப் பின் மர்ஃபி இறந்தபோது, பார்த்தே இராத ஊர்களில் இருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். பறக்க முடியாத கழுகுக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. எங்களுக்கும் மனம் இடிந்துபோகாமல் கேட்கும் தெம்பு இருக்கிறது.

பறவையின் வசதி பற்றி ஒரு வார்த்தை. உங்களில் பலர் இப்போது பறவை தானாகக் கையுறையில் ஏறினால்தான் வெளியே கொண்டுவருகிறீர்கள். அதுவே எல்லா இடத்திலும் வழக்கமாகட்டும். வாயைத் திறந்து இளைக்கும் பறவையை, கையுறையிலிருந்து பாய்ந்து காலில் கட்டிய வாரில் தலைகீழாகத் தொங்கும் பறவையை, அடுத்த குடும்பமும் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள். "இன்றைக்கு அதற்கு வர மனமில்லை" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு அது நன்றாகவே புரியும். உள்ளங்காலில் புண் வந்ததும், மூட்டு பிடித்துப்போனதும் வேலையிலிருந்து ஓய்வு கொடுங்கள்.

கடைசியாக, காலம். கழுகைக் கேட்டு உங்களுக்கு அதிக அழைப்பு வருவது சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதியை ஒட்டித்தான். அன்றைக்குக் கொடியும் வாத்தியமும் இருக்கும். ஈயத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் காது இருக்காது. மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் ஒரு நிகழ்ச்சி வையுங்கள். வேட்டைக்காரர் சங்கங்களை அழையுங்கள், அவர்களில் செப்புத் தோட்டாவுக்கு மாறிய ஒருவரையே பேசச் சொல்லுங்கள். மேஜையில் சிதறிய ஈயத் தோட்டா ஒன்று, விரிந்த செப்புத் தோட்டா ஒன்று, உங்கள் மருத்துவமனையில் எடுத்த ஓர் எக்ஸ்ரே, இவை போதும். பறவைக்கு மனமிருந்தால் அதுவும் வரட்டும். நாற்காலி போட, பிள்ளைகளை வரிசையில் உட்கார வைக்க, வந்தவர்களுக்குத் துண்டறிக்கை கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற குடும்பங்களிடம் சொல்லுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளோடு வரும் ஒரு தாய்